காத்து ஓட்டின சைக்கிள்

வா கண்ணு, சைக்கிளைச் செவுத்துல சாத்திட்டு இப்படிக் கல்லு மேல உக்காரு. என்னது, சாத்தக் கூடாதா? பெயிண்டு உரிஞ்சிருமா? செரி, அப்ப மடியில வெச்சுக்கோ. ஒன்றரை லட்சத்துப் பொருளு, மண்ணுல நிக்கலாமா? அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடும் கன்னுக்குட்டியும் வாங்கி, மிச்சத்துல தீவனமும் போட்டிருக்கலாம். ஆனா மாடு உன்னையக் கூட்டிக்கிட்டுப் பாலக்காடு போகாது. அந்த ஒரு நாயத்துல நீ செயிச்சே, போ.

நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். மார்கழி பொறந்தாச் செரி, ஞாயித்துக்கெழமை வெடியால கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கெழக்க இருந்து ஒரு கூட்டம் வரும். முன்னால வெள்ளை வெளக்கு, பின்னால மினுக்கு மினுக்குன்னு செகப்பு வெளக்கு, நடுவுல ஒருத்தன் சட்டைப் பையில பாட்டுப் பொட்டி. மொதத் தடவை எங்கூட்டுக்காரி மார்கழி பஜனைன்னு நெனச்சு வாசல்ல நின்னு கையெடுத்துக் கும்பிட்டா. கிட்ட வந்து, பாட்டு என்னன்னு காதுல விழுந்த பொறவுதான் கையைக் கீழ எறக்கினா. அன்னைல இருந்து அவளுக்கு உங்க மேல கோவம். சாமி பேரைச் சொல்லாம மார்கழியில இத்தனை வெள்ளென எந்திரிக்கறவன் ஆருன்னு கேக்கறா. பால்காரனும் திருடனும் எந்திரிப்பாங்க, இப்ப மூணாவதா இவுங்களும்னு நான் சொல்லி வெச்சேன்.

கூதல் அடிக்குதுதான், இல்லீங்கலை. அதுக்குன்னு கையில உறை, கழுத்துல உறை, முழங்கைக்கு ஒரு உறை, காதுக்கு ஒரு உறையா? பனி கொட்டற சீமைக்குன்னு தெச்ச சட்டையை மாட்டிக்கிட்டு வர்றான். கொழிஞ்சாம்பாறை போய்ச் சேர்றதுக்குள்ள வேர்த்து ஊத்துது. அங்க நின்னு ஒண்ணொண்ணா உரிச்சு இடுப்புல கட்டிக்கறான். நாங்க தலைக்கு ஒரு துண்டு கட்டினோம். வெயில் வந்தா அதையே எடுத்து மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டோம். தீந்துது சோலி.

அந்தக் கால்சட்டை நாயத்தை நான் பேசக் கூடாது, வயசுக்கு மரியாதை இல்ல. ஆனாலும் ஒண்ணு கேக்கறேன். உள்ள மெத்தை வெச்சுத் தெச்சிருக்குதாமே? எங்க காலத்துல சீட்டுக்குத்தான் கண்ணு மெத்தை போட்டோம். நீங்க ஆளுக்கே போட்டுட்டீங்க.

செருப்பு அதுக்கு மேல. பெடலோட பூட்டிக்குமாம். கால் வழுக்காது, வெசையா மிதிக்கலாம்னு சொல்றாங்க, நெசமாவே இருக்கும். அன்னைக்கு ஒரு நாளு செக்போஸ்ட்டுல போலீசுக்காரரு சும்மா கையைக் காட்டினாரு. சைக்கிள் நின்னுது. மேல இருந்தவன் நிக்கலை. பூட்டைக் கழட்ட மறந்துட்டு, நின்ன எடத்துலயே சைக்கிளோட ஒட்டுக்காச் சாஞ்சுட்டான். போலீசுக்காரரு பதறிப் போய், "நான் தொடவே இல்லீங்க"ன்னு எங்களையெல்லாம் சாட்சிக்குக் கூப்புட்டாரு.

தலைக்குப் போடறீங்களே தொப்பி, அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். வெளக்கையும் பண்ண மாட்டேன். மணல் லாரி ஓடற ரோட்டுல இருட்டுக்குள்ள போறவனுக்கு அது ரெண்டும் வேணும். நாங்களும் ஆசைப்பட்டா வெளக்கில்லாமப் போனோம்? டைனமோ வாங்கக் காசில்ல. சைக்கிளுக்கு வருசா வருசம் லைசென்சு கட்டி வில்லை வாங்கோணும். வில்லை இல்லாட்டி புடிப்பாங்க, வெளக்கு இல்லாட்டி புடிப்பாங்க, பின்னால ஒருத்தனை ஏத்தினாலும் புடிப்பாங்க. அபராதத்துக்குக் காசு இல்லைன்னா வால்டியூப்பைப் புடுங்கிட்டு விட்டுருவாங்க. பொறவு ஊடு வரைக்கும் தள்ளிக்கிட்டுத்தான் போகோணும். போலீசைக் கண்டதும் எறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நல்லவனாட்ட நடந்து போறதுக்கே ஒரு தனித் தெறமை வேணும் அப்போ.

நீங்க 'நைட் ரைடு'ன்னு பேரு வெச்சுக் காசு கட்டிப் போறீங்களே, அது இந்த எல்லைக்குப் புதுசா கண்ணு? 1956 நவம்பர் 1ஆம் தேதி கேரளம்னு ஒண்ணு பொறந்துச்சு. அதுக்கு முந்தி சித்தூரு கொச்சி ராஜா சீமை. பாலக்காடு மெட்ராசோட சேந்த மலபார் ஜில்லா. பொள்ளாச்சி கோயமுத்தூர் ஜில்லா. கோடு மேல கோடு. கோடு எங்க இருக்குதோ அங்க கடத்தலும் இருக்கும். 1960கள்ல அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, ஸ்டேட்டு தாண்டி அரிசி கொண்டு போகக் கூடாதுன்னு தடை போட்டாங்க. அப்பப் பாத்திருக்கோணும் நைட் ரைடை! கேரியர்ல ஒரு மூட்டை, வெளக்கு கெடையாது, பெல்லு கெடையாது, இட்டேரித் தடத்துல முள்ளுவேலிக்கு நடுவுல, நெலா வெளிச்சம் இருந்தா அது கெட்ட நேரம். அவுங்களுக்கு ஆரும் பதக்கம் குடுக்கலை. புடிபட்டவங்களுக்கு வேற ஒண்ணு குடுத்தாங்க.

செரி, இப்ப முக்கியமான நாயத்துக்கு வர்றேன். உன்ற கூட்டாளி ஒருத்தன் செல்போனைத் தூக்கி என்ற மூக்குக்கு நேரா நீட்டினான். "தாத்தா, பொள்ளாச்சியில இருந்து சித்தூரு வரைக்கும் ஆவரேஜ் 32! என்னோட ரெக்கார்டு!"ன்னான். அந்தத் தடத்துல எல்லாரையும் விட வெரசாப் போனவனுக்குன்னு செல்போனுக்குள்ள ஒரு கிரீடம் வேற வந்து நிக்குது. நான் மெதுவாக் கேட்டேன், "ஏங்கண்ணு, காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?" "காத்தே இல்லீங்க தாத்தா"ன்னான்.

அங்கதான் ஆளைப் புடிச்சேன். முதுகுல காத்து தள்ளறப்ப எவனுக்குங் காத்து தெரியாது. காத்து போற பக்கமே நீயும் போறே, அப்பறம் காதுல எங்க இருந்து சத்தம் வரும்? எல்லாம் கம்முன்னு இருக்கும். தன்ற காலுதான் இத்தனையும் பண்ணுதுன்னு நெனப்பு வந்துரும். திரும்பி வர்றப்பத்தான் காத்துன்னு ஒண்ணு இருக்கறதே தெரியும். அப்ப மட்டும் எல்லாரும் காத்தைத் திட்டுவாங்க.

பாலக்காட்டுக் கணவாய்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பியே? மேக்குத் தொடர்ச்சி மலை 1,600 கிலோமீட்டர் நீளம். அதுல பெரிய சந்து இது ஒண்ணுதான், 30, 40 கிலோமீட்டர் அகலம். வடக்க நீலகிரி, தெக்க ஆனமலை. அந்தத் தெக்கத்தி மலையிலதான், இடுக்கிச் சீமையில, ஆனைமுடி 2,695 மீட்டர் ஒசரத்துல நிக்குது. இத்தனை ஒசர மலைக்கு நடுவுல நம்ம பொள்ளாச்சி 300 மீட்டர் கூட இல்ல. கெழக்க இருந்து வர்ற பனிக்காத்துக்கு வேற தடம் ஏது? அத்தனையும் நம்ம தலை மேலதான் போயாகோணும். கார்த்திகையில வர்றதை விருச்சிகக் காத்துங்கறாங்க மலையாளத்துக்காரங்க, மார்கழியில வர்றதைத் திருவாதிரைக் காத்துங்கறாங்க. பேரு வெச்சுக் கூப்புடற அளவுக்குப் பழக்கமான ஒறம்பரை அது. வருசா வருசம் வரும். உன்ற கூட்டாளிக்கு மட்டும் அறிமுகமே இல்ல!

காத்து மட்டுமா? தரையும் எறக்கம் கண்ணு. பொள்ளாச்சியை விடப் பாலக்காடு ஏறக்குறைய 200 மீட்டர் தாழ்ந்து கெடக்குது. தண்ணியும் அந்தப் பக்கந்தான் ஓடுது. ஆழியாத்துத் தண்ணி மணக்கடவு வழியாச் சித்தூரு ஆத்துக்குப் போறதைப் பாத்திருப்பே. அதுக்கு 1970 மே 29ஆம் தேதி ரெண்டு கவர்மெண்டும் ஒக்காந்து கையெழுத்துப் போட்டு, வருசத்துக்கு 7.25 டி.எம்.சி.ன்னு கணக்கு வெச்சாங்க. ஒரு பொட்டுக் கொறைஞ்சாலும் இன்னைக்கும் கடுதாசி பறக்குது. தண்ணிக்குக் கணக்கு வெச்சவங்க காத்துக்கும் வெச்சிருக்கோணும். வெச்சிருந்தா உன்ற கூட்டாளி அந்தக் கிரீடத்துல முக்காவாசியைக் கவர்மெண்டுக்குக் கட்டியிருப்பான்.

ஆனி ஆடியில இதே காத்து மேக்க இருந்து திரும்பி அடிக்கும். பல்லடம், உடுமலைப் பக்கம் காத்தாலை சுத்தறதெல்லாம் அந்தக் காத்துலதான். ஆடிக் காத்துல அம்மி பறக்கும்னாங்க பெரியவங்க. மார்கழிக் காத்துல ஆவரேஜ் பறக்குது.

இப்பத் திரும்பி வர்ற கதையைக் கேளு. ஒம்பது மணி வாக்குல வர்றாங்க பாரு, அதுக்குத்தான் நான் இந்தக் கல்லைப் புடிச்சு உக்காந்திருக்கறது. வெடியால சிரிச்சுக்கிட்டுக் கையாட்டிட்டுப் போனவன் இப்பத் தலையைக் குனிஞ்சு ஹேண்டில் பாரைக் கடிச்சுக்கிட்டு வர்றான். "என்னாச்சு தம்பி"ன்னா பதில் இல்ல. பாட்டுப் பொட்டியும் பேசலை.

நான் படிச்சது அஞ்சாவதுதான். ஆனா பால் சொசைட்டியில கணக்கு எழுதினவன். ஒரு கணக்குப் போடறேன், சித்தெ கவனி. போறப்ப 30 கிலோமீட்டரை 1 மணி நேரத்துல போனே. வர்றப்ப மணிக்கு 15தான், அதனால 2 மணி நேரம் ஆச்சு. உன்ற ஆவரேஜ் என்ன? 30ஐயும் 15ஐயும் கூட்டி ரெண்டால வகுத்து 22.5ன்னு சொல்லுவே. சொசைட்டியில இப்படிக் கணக்கு எழுதினா சீட்டைக் கிழிச்சுருவாங்க. மொத்தம் 60 கிலோமீட்டரு, 3 மணி நேரம். 20தான் வரும். மிச்சம் ரெண்டரை எங்க போச்சு? காத்து குடுக்கறப்ப வெரசாக் குடுத்துட்டுப் போயிருது. வாங்கறப்ப நின்னு நிதானமா வசூல் பண்ணுது. நேரம் எச்சாப் போறது எதுர்காத்துலதான். அதனால போற காத்தும் வர்ற காத்தும் சமமாப் போச்சுன்னு எவனாச்சும் சொன்னா நம்பாதே.

என்ற பேத்தி இஞ்சினீர் காலேஜுல படிக்கறா. அவ இன்னொண்ணு சொன்னா. நீ மணிக்கு 25ல போறே, பின்னால 15ல காத்து வருது. உன்ற நெஞ்சுல படறது 10தான். திரும்பி நின்னு அதே 25ல மிதிச்சீன்னா 40 படும். 10க்கு 40 நாலு மடங்குதானேன்னு நான் கேட்டேன். "இல்லீங்க தாத்தா, காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 16 மடங்கு"ன்னா. பதினாறா! எம்பட பேத்தி நெசத்தைச் சொல்லறதுல என்னைய மிஞ்சிட்டா.

அதுக்குத்தான் கூட்டமாப் போறது. முன்னால போறவன் காத்தை வாங்கிக்கறான், பின்னால ஒட்டி வர்றவனுக்குச் சொகம். மாத்தி மாத்தி முன்னால போனா எல்லாரும் ஊடு போய்ச் சேரலாம். நல்ல ஏற்பாடு, நான் குத்தஞ் சொல்லலை. ஆனா உங்க கூட்டத்துல நடக்கறது என்ன? காத்து தள்ளறப்ப ஆரு முன்னால போறதுன்னு அடிச்சுக்கறீங்க. எதுர்காத்து வந்ததும் ஒருத்தனுக்குச் செருப்பு நாடா அவுந்துருது, ஒருத்தனுக்குச் செல்போன் அடிக்குது, ஒருத்தன் மயிலைப் படம் புடிக்கறான். கடைசியில ஆரோ ஒரு வாயில்லாப் பூச்சி முன்னால போயி அத்தனை பேருக்கும் சேத்துக் காத்தைக் குடிக்குது.

புத்தியுள்ளவன் என்ன பண்ணுவான்? காலு தெம்பா இருக்கறப்பக் காத்துக்கு எதுர்ல போவான். சலிச்ச பொறவு காத்து தள்ள ஊடு வந்து சேருவான். அப்பப் பொள்ளாச்சிக்காரன் மார்கழியில வெடியால எங்க போகோணும்? உடுமலைப் பக்கம். ஆனா அந்தப் பக்கம் போனாக் கிரீடம் வராதே! என்ன பண்ணறது, காலைக் காட்டிலும் கிரீடந்தானே முக்கியம்.

நெதர்லாந்துன்னு ஒரு தேசம் இருக்குதாமே. அங்க ஆளுங்களை விடச் சைக்கிள் எச்சுன்னு பேத்தி சொன்னா. அங்க எதுர்காத்துல சைக்கிள் ஓட்டறதுக்குன்னே ஒரு போட்டி வெச்சிருக்கறாங்க, 2013ல இருந்து. கடலைத் தடுத்துக் கட்டின அணை மேல 8.5 கிலோமீட்டர். புயலாக் காத்தடிக்கற நாளாப் பாத்துத்தான் நடத்துவாங்க, ரெண்டு மூணு நாளைக்கு முந்தித்தான் தேதியே சொல்லுவாங்க. சைக்கிள் என்ன சைக்கிள் தெரியுமா? கியரு இல்லாத, நிமுந்து உக்காந்து ஓட்டற, சந்தைக்குப் போற சைக்கிள். எல்லாருக்கும் ஒரே சைக்கிள். ஒன்றரை லட்சமெல்லாம் அங்க செல்லாது. அந்த ஊருல ஆபீசுக்குப் போறவனும் கோட்டுச் சட்டையோட ஏறி மிதிச்சுட்டுப் போறானாம். சைக்கிள்ல போறதுக்குன்னு ஒரு வேசம் போடோணும்னு அவனுக்குத் தோணவே இல்ல பாரு.

தீனி நாயத்துக்கு வந்தா நீங்க கெட்டிக்காரங்க. கொழிஞ்சாம்பாறையில சாயாக்கடைக்கு முன்னால சைக்கிளை வரிசையா நிறுத்திப் படம் புடிச்சாச்சு. கையில கட்டின கடியாரம் இத்தனை கலோரி எரிஞ்சுதுன்னு சொல்லுது. எரிஞ்சதுக்கு நாலு பரோட்டா, எரியப் போறதுக்கு ரெண்டு பழம்பொரி. கடியாரம் எரிஞ்சதை மட்டுந்தான் எண்ணும், தின்னதை எண்ணாது. நல்ல சாமானாத்தான் பாத்து வாங்கியிருக்கறே.

அப்பறம் அந்தத் தண்ணிப் புட்டி. நாலாபக்கமும் தென்னந்தோப்பு, நடுவுல நின்னுக்கிட்டு, எந்த ஊருலயோ பொட்டணம் போட்ட உப்புப் பொடியைத் தண்ணியில கலக்கிக் குடிக்கறான். ஏஞ்சாமின்னா, "எலக்ட்ரோலைட் தாத்தா"ங்கறான். எளநியில பொட்டாசியம் எச்சு, உப்புச் சத்துக் கொறச்சல். நெம்ப வேர்க்கறவன் ஒரு கல்லு உப்பு போட்டுக் குடிச்சாப் போச்சு. இல்லையா, மோரு இருக்குது. ஆனா தண்ணியை மட்டும் லேசா நெனைக்காதே. நீ போற ரோட்டுக்குப் பக்கத்துலதான் பிளாச்சிமடை. 2000த்துல கோக்கோகோலா ஆலை வந்துச்சு. கெணத்துத் தண்ணி கெட்டுப் போச்சு, வாயில வெக்க முடியலைன்னு 2002ல ஆலை வாசல்ல பந்தல் போட்டு உக்காந்தாங்க. முன்னால நின்னது மயிலம்மான்னு ஒரு பழங்குடிப் பொம்பளை, பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவங்க. 2004ல ஆலை நின்னுது. அந்த வழியாப் போனீன்னா, அடுத்த புட்டியைத் தொறக்கறதுக்கு முந்தி ஒருக்கா எறங்கிப் பாத்துட்டுப் போ. அங்க செல்ஃபி எடுக்க ஒண்ணும் இல்ல.

கள்ளுஷாப்பு நாயமும் எனக்குத் தெரியும். தமிழ்நாட்டுல 1987ல இருந்து கள்ளு கெடையாது. இக்கட்ட சித்தூரு தாலூக்காவே கள்ளுக்குப் பேர் போனது. அதனால உங்க கூட்டத்துல பாதிப் பேருக்குக் கேரளத்துப் பண்பாட்டு மேல திடீர்னு ஒரு ஆசை. குடிக்கறது உன்ற இஷ்டம் கண்ணு. ஆனா குடிச்ச பொறவு சைக்கிளைத் தொடாதே. காத்தையும் கள்ளையும் ஒரே நேரத்துல எதுத்து ஓட்ட முடியாது. அந்த ரெண்டு சக்கரத்துக்கு மூணாவதா ஒரு லாரிச் சக்கரம் சேந்துரும்.

லாட்டரிக்காரனையும் நீங்க விடறதில்ல. தமிழ்நாட்டுல 2003ல லாட்டரியை நிறுத்திட்டாங்க, இங்க கேரளத்துல கவர்மெண்டே விக்குது. 2023 ஓணம் பம்பர் 25 கோடி, வாளையாருல வித்த சீட்டுக்குத்தான் விழுந்துச்சு, வாங்கினது தமிழ்நாட்டு ஆளுங்க. அதுல இருந்து கிறிஸ்மஸ் பம்பர் வந்தா உடம்பைத் தேத்தறதுக்குன்னு சைக்கிள் ஓட்டிக்கிட்டு வர்றவங்க எண்ணிக்கை எச்சாயிருச்சு. நல்லதுதான். சீட்டு விழுந்தாலும் விழுகாட்டியும் காலு ரெண்டும் மிச்சம்.

போன மாசம் ஒரு பையன் கழுத்துல பதக்கத்தோட வந்தான். பிரவேன்னு ஏதோ பேரு சொன்னான், பிரெஞ்சுக்காரன் ஏற்பாடாம். 200 கிலோமீட்டரு, பதிமூணரை மணி நேரத்துல முடிக்கோணும். 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. நாலையும் ஒரே வருசத்துல முடிச்சா சூப்பர் ராண்டனூர்னு பட்டம். பாரிசுல இருந்து பிரெஸ்ட்டுங்கற ஊருக்குப் போய்த் திரும்பி வர்றது 1,200 கிலோமீட்டர், 1891லயே ஆரம்பிச்சுட்டாங்களாம், இப்ப நாலு வருசத்துக்கு ஒருக்கா. வழியில பஞ்சர் ஆனா தானேதான் ஒட்டிக்கோணும், ஆரும் ஒத்தாசைக்கு வரக் கூடாது.

"பதக்கம் ஆரு குடுத்தா?"ன்னேன். "காசு கட்டி வாங்கிக்கோணும் தாத்தா"ன்னான். பாத்தியா! மிதிக்கறதும் நீ, பஞ்சர் ஒட்டறதும் நீ, பதக்கத்துக்குக் காசும் நீ. பிரெஞ்சுக்காரன் சமத்தன்.

ஆனா ஒரு விசயம் எனக்கு நெம்பப் புடிச்சுது. அதுல மொதல்ல வந்தவன், கடைசியில வந்தவன்னு கெடையாதாம். நேரத்துக்குள்ள வந்தவங்க எல்லாரும் ஒண்ணுதான். ஓவராப் பறந்து வந்தாலும் சீட்டுல முத்திரை போட மாட்டாங்களாம், முத்திரை போடற எடம் தொறக்கற நேரம் வரைக்கும் நின்னுதான் ஆகோணும். இப்படி ஒரு ஓட்டத்தை வெச்சுக்கிட்டு, நீங்க ஏன் கண்ணு கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவுல கிரீடத்துக்கு அடிச்சுக்கறீங்க?

நாங்க பாத்த 600 கிலோமீட்டரு வேற. பண்டிகைக்குப் பொறவு ஊருக்கு ஒருத்தன் வருவான். மாரியாத்தா கோயில் மைதானத்துல சைக்கிள்ல ஏறினா ஏழு நாளைக்குக் காலைக் கீழ வெக்க மாட்டேம்பான். அதுலயே சோறு, அதுலயே குளியல், சவரம் வரைக்கும் சைக்கிள் மேலதான். ராத்திரி ஆனா ரேடியோ செட்டுல பாட்டு, நெஞ்சு மேல டியூப்லைட்டை ஒடைப்பான், பல்லுல கடிச்சுக் கொடத்தைத் தூக்குவான். பொம்பளைங்க முந்தானையில முடிஞ்ச காசை அவிழ்த்துக் குடுப்பாங்க. கடைசி நாளு ரூவா நோட்டைச் சட்டையில குத்துவாங்க. அவன் ராத்திரியில யாருக்கும் தெரியாமத் தூங்கினானான்னு கேக்காதே, ஒரே வட்டத்துல சுத்தினவனுக்கு எந்தப் பக்கம் காத்தடிச்சா என்ன? பொழப்புக்குச் சுத்தினான். அவனுக்கு அது விளையாட்டு இல்ல.

இதைத்தான் உனக்குச் சொல்லோணும்னு இருந்தேன். நீ வர்ற அதே நேரத்துல, இதே ரோட்டுல, எத்தனை சைக்கிள் போகுதுன்னு எண்ணியிருக்கறியா? பால் கேனைக் கட்டிக்கிட்டு ஒருத்தன். மரம் ஏறப் போற கள்ளுக்காரன் ஒருத்தன். பேப்பர் போடற பையன். தோப்புக்குத் தேங்காய் உரிக்கப் போறவன் கடப்பாரையைப் பார்ல கட்டிக்கிட்டுப் போறான். இவுங்க எல்லாரும் வருசம் முச்சூடும் எதுர்காத்துலயும் போறாங்க, பின்காத்துலயும் போறாங்க. உங்க ஆளுங்க எதுத்தாப்புல இன்னொரு தொப்பிக்காரன் வந்தாக் கையைத் தூக்கி 'ஹாய்'ங்கறீங்க. பால்காரனுக்கு ஆராச்சும் கையைத் தூக்கினீங்களா? நீ ஓட்டினா அது சைக்கிளிங், அவன் ஓட்டினா சைக்கிள்ல போறான். அவ்வளவுதானே?

1990களோட ஆரம்பத்துல புதுக்கோட்டைச் சீமையில நடந்தது உனக்குத் தெரியாது, நீ பொறக்கலை. அறிவொளி இயக்கத்துல எழுத்தைச் சொல்லிக் குடுக்கறப்பவே சைக்கிளையும் சொல்லிக் குடுத்தாங்க. கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா முன்னால நின்னாங்க. கல்லுடைக்கற பொம்பளைங்க, வயக்காட்டுப் பொம்பளைங்க, ஆயிரம் ஆயிரமாச் சீலையைச் செருகிக்கிட்டு ஏறினாங்க. பொம்பளைச் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதனால என்னன்னு ஆம்பளைச் சைக்கிள்லயே ஏறினாங்க. அதுதான் வசதின்னு சொன்னவங்களும் உண்டு, முன்னால இருக்கற பார்ல கொழந்தையை உக்கார வெச்சுக்கலாமாம். தண்ணிக் கொடமும் பள்ளிக்கூடத்துப் புள்ளையும் ஏத்திக்கிட்டுப் போனாங்க. பஸ்சுக்குக் காத்து நிக்கற வேலை போச்சு, புருசனைக் கெஞ்சற வேலையும் போச்சு. மெத்தை வெச்ச கால்சட்டைன்னு ஒண்ணை அவுங்க கண்ணுல கூடப் பாக்கலை.

அந்த மாதிரிச் சைக்கிள் செஞ்ச கம்பெனிகள்ல ஒண்ணு அட்லஸ். 1951ல ஆரம்பிச்சது. 2020 ஜூன் 3ஆம் தேதி டெல்லிக்குப் பக்கத்துல கடைசி ஆலையையும் மூடிட்டாங்க. ஜூன் 3 என்ன நாளு தெரியுமா? உலக சைக்கிள் தினம். ஐ.நா. சபையில 2018ல அறிவிச்ச நாளு. வேலைக்கு வந்த ஆளுங்க கதவுல ஒட்டின நோட்டீசைப் படிச்சுட்டுத் திரும்பிப் போனாங்க. வருசா வருசம் அந்த நாள்ல உங்க ஆளுங்க எல்லாம் பனியன்ல எழுதிக்கிட்டு ஊர்வலம் போறீங்க.

மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. உன்னைய வர வேண்டாம்னா சொன்னேன்? ஞாயித்துக்கெழமை பத்து மணி வரைக்கும் தூங்கற பயலுக்கு நீ எத்தனையோ மேல். ஒண்ணு பண்ணு. அடுத்த வாரம் அந்தக் கடியாரத்தை ஊட்டுல வெச்சுட்டு, மீனாச்சிபுரம் வழியா முதலமடைப் பக்கம் போ. மார்கழியில மாம்பூ பூத்துத் தோப்பே மஞ்சப் பூத்துக் கெடக்கும். தையில பிஞ்சு எறங்கும். நாட்டுல மத்த எடத்துக்கு முந்தி காய் சந்தைக்கு வர்றது அங்க இருந்துதான். கொல்லங்கோட்டுக்குப் போகாதே. 2023ல செல்போன்ல அழகான ஊருன்னு ஆரோ போட்டு விட்டதுல இருந்து, நெல்லு வயலைப் பாக்கறதுக்குக் காரு வரிசை கட்டி நிக்குது. தென்மலை அடிவாரத்துல முதலமடைத் தடத்துலயே மெதுவா மிதி. எதுத்தாப்புல வர்றவனைப் பாத்தாச் சிரி.

வர்றப்ப வடு மாங்கா ஆப்புட்டா ரெண்டு கிலோ வாங்கியா. தூக்க முடியாதுன்னு சாக்குச் சொல்லாதே, உன்ற சட்டையில முதுகுப் பக்கம் மூணு பை தெச்சிருக்கறதை நான் மொத நாளே பாத்துட்டேன். காசு அப்பறம் தர்றேன், போ.